பழைய பத்மினிக்குத் துணையாக எந்தச் சின்ன கார்?

வீட்டில் ஏற்கெனவே ஒரு பத்மினியோ அம்பாசிடரோ ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ, ஏதோ ஒரு பழைய கார் நிற்கிறது. விற்க மனசு வரவில்லை. தினமும் ஓட்டவும் கட்டுப்படியாகவில்லை. சரி, கூட ஒரு சின்ன கார் எடுத்துவிடலாம் என்று தீர்மானித்த பிறகுதான் குழப்பமே ஆரம்பிக்கிறது. செகண்ட் ஹேண்ட் ஆல்டோவா, புது வேகன் ஆரா, எலக்ட்ரிக்கா? அல்லது ஆட்டோ, டாக்சியில் சமாளித்துக்கொண்டு அந்தப் பணத்தையும் பழைய வண்டிக்கே போட்டுவிடலாமா?

ஒரே காராக வாங்குகிறவர் மைலேஜ், ரீசேல் என்று கேட்பார். நமக்கு அவை பின்னால் வரும் கேள்விகள். இந்த இரண்டாவது காரின் முதல் வேலை, பழைய வண்டியின் தலையிலிருந்து பொறுப்புகளை இறக்கிவைப்பது. அதோடு இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. புதுசு ரொம்ப நல்ல காராக அமைந்துவிட்டால் பழசு ஷெட்டிலேயே கிடந்து கெட்டுப்போகும். என் கணக்கில், ஓடி வீணான பழைய கார்களைவிட நின்று வீணானவைதான் அதிகம்.

## எதை வைத்து எடைபோடுவது

இடம். இரண்டு கார் வாங்கப் பணம் இருப்பவர்களிடம்கூட இரண்டு கார் நிறுத்த இடம் இருப்பதில்லை. அம்பாசிடரின் நீளம் சுமார் 4.3 மீட்டர். பத்மினியும் ஹெரால்டும் நாலு மீட்டருக்குள் அடங்கும். கூரைக்குக் கீழே ஒரே ஒரு இடம்தான் என்றால் அது பழசுக்குத்தான் போக வேண்டும். புதுசு வெயிலில் நிற்கட்டும். இதற்கு வீட்டில் சம்மதம் கிடைக்குமா என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பாதுகாப்பு. முன் சீட்டுகளுக்கு பெல்ட் கட்டாயமானது 1994 மார்ச்சில்தான். அதற்கு முந்தைய வண்டிகள் பலவற்றில் பெல்ட்டே கிடையாது. ஏர்பேக், சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் எல்லாம் பேச்சுக்கே இடமில்லை. குழந்தையை ஸ்கூலில் விட, மழை ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓட, பைபாஸில் லாரிகளுக்கு நடுவே போக என்று மூன்று வேலைகளை எழுதிக்கொள்ளுங்கள். மூன்றையும் செய்யாத சின்ன கார் நமக்கு எதற்கு?

காகிதம். சொந்த உபயோக வண்டியின் ஆர்சி 15 வருடத்துக்குச் செல்லும். பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வயது தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்ட் அறிவிப்பு அதை 10,000 ஆக்கியது. பசுமை வரி தனி.

வாராவாரம் பழசு வெளியே வருமா. நிற்கிற வண்டியில் பிரேக் வீல் சிலிண்டர் துருப்பிடித்து இறுகும். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வற்றிப் பிசின்போல் படியும். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. பாதி காலியான டேங்கோடு ஒரு மழைக்காலம் முழுக்க நின்றால் டேங்கின் அடியில் துரு தொடங்கும். பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரமும் உப்பிப் பிளக்கும். ஆகவே எத்தனாலைத் தாங்கும் ஹோஸ்களுக்கு மாறுங்கள், டேங்க்கை நிறைத்தே வையுங்கள். வாரம் ஒருமுறை, இன்ஜின் நன்றாகச் சூடேறும் அளவுக்கு, பதினைந்து இருபது கிலோமீட்டராவது ஓட்டுங்கள். ஷெட்டிலேயே வைத்துப் பத்து நிமிஷம் ஐட்லிங்கில் விடுவதால் ஆயிலில் ஈரம் சேர்வதைத் தவிர வேறு பிரயோஜனமில்லை.

## ஒரே பார்வையில்

| | இடம் | அவசரத்துக்கு | தெரியாமல் வரும் செலவு | பழசு ஓடுமா |
|---|---|---|---|---|
| பழசு மட்டும், மீதிக்கு டாக்சி | பிரச்சினையே இல்லை | நம்ப முடியாது | ரிப்பேர் அவசரத்தில் நடக்கும் | தேவைக்கு மேலேயே ஓடும் |
| செகண்ட் ஹேண்ட் மாருதி | சிறிது | கைகொடுக்கும் | வயதானதை வாங்கினால் ஆர்சி புதுப்பிப்பு | ஓடும் |
| புது பெட்ரோல் கார் | சிறிது | மிக நன்று | தேய்மானம், இன்ஷூரன்ஸ் | சந்தேகம் |
| சின்ன எலக்ட்ரிக் | மிகச் சிறிது | ஊருக்குள் நன்று | பிளக் பாயிண்ட், அசோசியேஷன் அனுமதி | மாடலைப் பொறுத்தது |
| பழசிலேயே வேறு இன்ஜின் | பிரச்சினையே இல்லை | ஓரளவு | ஆர்டிஓ, மறுவிற்பனை | ஓடும், ஆனால் அது வேறு வண்டி |

## பழசு மட்டும், மீதிக்கு டாக்சி

இதைச் செய்கிறவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், தெருக்கோடியில் மெட்ரோ ஸ்டேஷன், பேரப்பிள்ளைகள் வெளிநாட்டில் என்றால் இதுவே போதும். வருடத்துக்கு டாக்சிக்கு ஆகிற செலவைக் கணக்குப் போட்டால், சும்மா நிற்கிற ஒரு புது காரின் இன்ஷூரன்ஸும் தேய்மானமும் அதைவிட அதிகமாக வரும்.

ஆனால் ஒரே வண்டியாக இருக்கும்போது பழைய கார் உங்களை அவசரப்படுத்தும். பிளக்குக்குப் பொறி கிடைக்கச் செய்யும் சி.பி. பாயிண்ட் தேய்ந்து வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்கிறது, நாளைக் காலையில் கல்யாணம். இந்த நிலையில் மெக்கானிக் எதைக் கொண்டுவந்து மாட்டினாலும் தலையாட்டுவீர்கள். நல்ல பார்ட்ஸுக்காக இரண்டு வாரம் காத்திருக்கும் வசதி, வேறு கார் இருக்கிறவருக்குத்தான் உண்டு. அம்பாசிடர், பத்மினி பார்ட்ஸ் சென்னை ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடினால் இன்னும் அகப்படுகின்றன. ஹெரால்டுக்கு ரொம்பப் பொறுமை வேண்டும். பெருங்களத்தூரில் தயாராகி நம் ஊரிலேயே பிறந்த வண்டிக்கு நம் ஊரிலேயே பார்ட்ஸ் இல்லை என்பது ஒரு தனி வயிற்றெரிச்சல்.

இன்னொரு விஷயம் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. 50 வயது தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டியை 2021 விதிகளின்படி விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். நம்பரில் 'விஏ' என்று வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். பத்து வருடத்துக்குச் செல்லும். மூன்றாம் நபர் காப்பீட்டில் பாதி தள்ளுபடி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வண்டியைக் கண்காட்சி, ராலி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டும்தான் சாலையில் எடுக்கலாம். மாமியாரைக் கோயிலுக்குக் கூட்டிப்போவது அந்தப் பட்டியலில் இல்லை. விஏ நம்பர் வாங்கிய நாளிலிருந்து உங்களுக்கு இரண்டாவது கார் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பெரும்பாலானவர்களுக்கு சாதாரண ஆர்சியையே புதுப்பித்துக்கொண்டு போகச் சொல்வேன். ஐந்து வருடத்துக்கு 10,000 என்பது வலிக்கும்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை நம் கையில் இருக்கும்.

## செகண்ட் ஹேண்ட் மாருதி

ஆல்டோ, வேகன் ஆர், செலேரியோ. யாரும் திரும்பிப் பார்க்காத வண்டிகள். அதுதான் இவற்றின் பெரிய குணம்.

பழைய கார் வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு பார்க்கிங்கும் ஒரு கவலை. பாண்டி பஜாரில் நிறுத்திவிட்டுத் துணிக்கடைக்குள் போனால் மனசு வெளியிலேயே நிற்கும். பக்கத்து பைக் சாய்ந்திருக்குமோ, எவனாவது பானெட்டில் உட்கார்ந்து செல்ஃபி எடுப்பானோ. ஏற்கெனவே நாலு கீறல் விழுந்த வேகன் ஆரை நிறுத்திவிட்டுப் போகும்போது கிடைக்கிற நிம்மதி, கார் பிடிக்கும் என்று சொல்பவர்கள் வெளியே சொல்லிக்கொள்ளாத சுகம். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட். கத்திரி வெயிலில் கத்திப்பாராவில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள்ளைப் பார்க்க வேண்டியதில்லை; ஏசி ஓடிக்கொண்டிருக்கும். எந்த ஊரில் நின்றாலும் அதைத் திறந்துபார்க்கத் தெரிந்த ஒரு மெக்கானிக் இருப்பார்.

இந்த நிம்மதி பழைய வண்டியின் சுகத்தைக் கூட்டவும் செய்கிறது. வாரம் முழுக்கப் பவர் ஸ்டியரிங்கில் இரண்டு விரலால் ஓட்டிவிட்டு, ஞாயிறு விடிகாலையில் பத்மினியின் ஸ்டியரிங் தண்டில் இருக்கும் 'காலம்' கியரைத் தேடிப் போட்டு, முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிக் காற்றை முகத்துக்கு வாங்கிக்கொண்டு ஈசிஆரில் போகும்போதுதான் ஓட்டுவது என்கிற வேலை முழுசாகத் தெரியும். தினமும் அதிலேயே ஆபீஸ் போகிறவருக்கு அந்தக் காலம் கியர் வெறும் தோள்வலி.

வாங்கும்போது வருடத்தைப் பாருங்கள், விலையை அடுத்துப் பார்க்கலாம். 2019 ஏப்ரலிலிருந்து எல்லாப் புது கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயம். அதே ஜூலையிலிருந்து டிரைவர் ஏர்பேக், பெல்ட் எச்சரிக்கை, ரிவர்ஸ் சென்சார். முன் சீட் இரண்டுக்கும் ஏர்பேக் 2022இல் தயாரான வண்டிகளில் உறுதியாக இருக்கும். ஒரு லட்சத்துக்குள் கிடைக்கிறதே என்று 2012 ஆல்டோவை எடுத்தால் பாதுகாப்பில் நீங்கள் பழைய காரிலிருந்து அதிக தூரம் வந்துவிடவில்லை. 2027இல் அதற்கும் ஆர்சி புதுப்பிக்க வரிசையில் நிற்பீர்கள். வீட்டில் இரண்டு பழைய கார்! ஒன்றை மட்டும்தான் நீங்கள் ஆசைப்பட்டு வாங்கினீர்கள்.

மேனுவல் கியரே எடுங்கள் என்பேன். இதற்குக் காரணம் ரசனை கிடையாது. கிளட்ச் மிதிக்க வேண்டாத ஏஎம்டி கியரில் பழகிய இடது கால், பழைய வண்டியில் ஏறிய முதல் சிக்னலிலேயே கிளட்சை மறந்து ஆஃப் பண்ணிவிடும். தவிர, பழைய அம்பாசிடரிலும் பத்மினியிலும் முதல் கியருக்கு சின்க்ரோ, அதாவது ஓட்டத்திலேயே கியர் வழுக்கி விழ உதவும் அமைப்பு, கிடையாது. வண்டி முழுசாக நின்ற பிறகுதான் அது விழும். தினமும் கியர் போடுகிற கைக்கே அது கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

## புது பெட்ரோல் கார்

2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன் செஸ்ஸோடு சேர்த்து 29. ஆல்டோ கே10இலேயே ஆறு ஏர்பேக் வந்துவிட்டது. ஆகவே கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கும், தினமும் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் போகிறவருக்கும் இதுதான் சரி, யோசிக்க வேண்டாம்.

மற்றவர்களுக்கு எனக்கு இரண்டு தயக்கம். மாதத் தவணை ஓடும்போது பழைய வண்டியின் டிங்கரிங்குக்கு ஒதுக்கிய காசு முதலில் காணாமல் போகும். அடுத்தது, புது கார் வாசனை போகும்வரை ஞாயிற்றுக்கிழமையும் அதுவே வெளியே போகும். ஆறு மாதம் கழித்துப் பழசின் கவரைத் தூக்கினால் பாட்டரி இறங்கி, நாலு டயரும் தரையில் அமுங்கி நிற்கும்.

ஒரு சின்ன வேடிக்கை: மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் வயதைப் பார்ப்பதில்லை, சிசியைத்தான் பார்க்கிறது. 2022 ஜூனில் வந்த அட்டவணையில் 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1500 வரை 3,416. 948 சிசி ஹெரால்டும் 998 சிசி ஆல்டோ கே10உம் ஒரே தட்டில்; 1089 சிசி பத்மினி மேல் தட்டில், 1489 சிசி அம்பாசிடரோடு. புது காருக்கு மட்டும் மூன்று வருடக் கட்டணத்தை முதலிலேயே மொத்தமாகக் கட்ட வேண்டும்.

## சின்ன எலக்ட்ரிக்

பழைய காருக்கு முற்றிலும் எதிரான ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை இருந்தால் இதைவிடப் பொருத்தம் கிடையாது. ஒன்றில் சோக் இழுத்து, ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்து, காதைத் தீட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும். மற்றதில் சத்தமே இல்லை.

எம்ஜி காமெட்டின் நீளம் மூன்று மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு, 2,974 மில்லிமீட்டர். அம்பாசிடர் நிற்கிற வாசலில் மிச்சமிருக்கும் இடத்தில் இது நுழைந்துவிடும். கம்பெனி சொல்லும் ரேஞ்ச் 230 கிலோமீட்டர். ஏசி போட்டு நகரத்துக்குள் ஓட்டினால் நிச்சயம் குறையும், இருந்தாலும் ஊருக்குள் இரண்டு மூன்று நாள் தாங்கும். வீட்டில் 15 ஆம்ப் பிளக் பாயிண்ட் போதும், ராத்திரி செருகிவிட்டுத் தூங்கலாம். டாடா டியாகோ இவிக்கு நாலு கதவு, பின்னால் பெட்டி வைக்க இடம், பாட்டரிக்கு எட்டு வருட வாரண்டி.

சிக்கல்கள் வேறு ரகம். காமெட்டுக்கு இரண்டே கதவு. முட்டிவலி உள்ள அம்மாவைப் பின் சீட்டில் ஏற்றுவது தினசரிப் போராட்டமாகிவிடும். அடுக்குமாடியில் இருந்தால் உங்கள் மீட்டரிலிருந்து பார்க்கிங் வரை ஒயர் இழுக்க அசோசியேஷன் மீட்டிங்கில் எத்தனை மாதம் பேச வேண்டியிருக்கும் என்று யாரும் விலைப்பட்டியலில் போடுவதில்லை. பேஸ்மெண்ட் பார்க்கிங் என்றால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையில் செய்ததையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் புகுந்த பத்மினியைக் கழற்றி, காயவைத்து, ஆயில் மாற்றி எழுப்பிவிடலாம்; பழைய மெக்கானிக்குகளுக்கு அது தெரிந்த வேலை. எலக்ட்ரானிக்ஸ் நிறைந்த எந்த வண்டிக்கும், பெட்ரோல் ஆனாலும் மின்சாரம் ஆனாலும், அந்த வாய்ப்பு குறைவு.

'பழசு ஓடுமா' என்ற கேள்விக்கு இங்கே பதில் கொஞ்சம் வித்தியாசமானது. காமெட் மாதிரி ஒன்று ஊரைத் தாண்டத் தயங்கும். அதனால் காஞ்சிபுரம், மாமல்லபுரம், செங்கல்பட்டு மாதிரி அரைநாள் பயணங்கள் தானாகவே பழைய வண்டிக்கு வந்து சேரும், அதற்கு ஏற்ற தூரமும் அதுதான். டியாகோ வாங்கினால் அந்த வேலையையும் அதுவே பிடுங்கிக்கொள்ளும். அதனால், விந்தையாக இருந்தாலும், நம் தேவைக்குக் குறைபாடு அதிகமுள்ள காரே மேல்.

## பழசிலேயே வேறு இன்ஜின்

பத்மினிக்குள் 118 என்இ காரின் நிசான் இன்ஜினை இறக்குவது, டிஸ்க் பிரேக், பவர் ஸ்டியரிங், ஏசி என்று ஏற்றுவது. 'ஒரே வண்டியில் இரண்டும் கிடைக்கும்' என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. இன்ஜின் மாற்றினால் ஆர்சியில் ஏற வேண்டும். ஏறாத வண்டி விபத்தில் மாட்டினால் இன்ஷூரன்ஸ்காரர் கையை விரிப்பார். விண்டேஜ் பதிவும் கிடைக்காது. பிரேக்கை நல்ல நிலையில் வைப்பது, ஹெட்லைட்டுக்கு ரிலே போடுவது, பெல்ட் மாட்டுவது ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

## எந்தப் பழசுக்கு எது ஜோடி

அம்பாசிடர் வைத்திருப்பவருக்கு ஆளும் சாமானும் ஏற்ற ஏற்கெனவே இடம் இருக்கிறது. ஆறு பேர் கல்யாணத்துக்குப் போக அது போதும். இல்லாதது, சந்துக்குள் நுழைகிற வண்டி. ஆகவே ஆல்டோ அல்லது காமெட். வேகன் ஆர் வாங்கினால் ஒரே வேலைக்கு இரண்டு வண்டி வைத்திருப்பீர்கள்.

ஹெரால்டுக்கு நேர் எதிர். அது தானே சின்ன வண்டி, சுக்கானை முழுசாக ஒடித்தால் ஆட்டோபோல் திரும்பும். முன்பக்கம் மொத்தமும் தூக்கித் திறக்கிற பானெட் இருப்பதால் வாரக்கடைசியில் நீங்களே உட்கார்ந்து வேலை பார்க்க அதைவிட வசதியான கார் இல்லை. அதாவது அடிக்கடி பிரித்துப் போட்டே கிடக்கும். துணைக்கு வருவது வீட்டு வேலை முழுவதையும் தாங்க வேண்டும்: வேகன் ஆர், 2022க்குப் பிறகு தயாரானது, மேனுவல். பெரியவர்கள் குனியாமல் ஏறி உட்கார அந்த உயரம் உதவும்.

பத்மினி இரண்டுக்கும் நடுவில். சொந்த வீடு, சொந்த மீட்டர் இருந்தால் சின்ன எலக்ட்ரிக். ஃபிளாட் என்றால் செகண்ட் ஹேண்ட் மாருதி. வயதானவர்கள் வீட்டில் இருந்தால் எதை வாங்கினாலும் நாலு கதவு.

பழசே மாருதி 800ஆக இருந்தால்? 1983 டிசம்பரில் வந்த வண்டி அது. அதன் முதல் தலைமுறைக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது, இளசுகள் தேடி வாங்குகிறார்கள். விண்டேஜ் பதிவுக்கு 2033 வரை பொறுக்க வேண்டும். பார்ட்ஸ் எங்கும் கிடைக்கிறது, மெக்கானிக் தெருவுக்கு ஒருவர், லிட்டருக்குப் பதினைந்துக்குக் குறையாமல் தருகிறது. உங்களுக்கு இரண்டாவது கார் இப்போதைக்கு வேண்டாம். ஏசி கேஸ் நிரப்பி, கூலண்ட் ஹோஸ்களை மாற்றிவிட்டு, இரண்டு வருடம் கழித்து எலக்ட்ரிக் விலை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதுவரை குழந்தையை ஸ்கூலுக்கு மட்டும் அதில் கூட்டிப்போகாதீர்கள், வேனில் அனுப்புங்கள்.